பெரிய பாதி

பாம் இல்லை மாஸ்டர், பயப்படாதீர்கள். கண்டக்டர் சும்மா கிண்டலுக்குச் சொன்னார். புர்ரென்று சத்தம் போடுவது காற்று மோட்டார். பேட்டரியில் ஓடுகிறது. வாளிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பது பெரம்பூர் போய்ச் சேராது.

மாஸ்டர் என்று கூப்பிடலாம் அல்லவா? கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்றாமலே பஸ் ஏறியிருக்கிறீர்கள். வாளி காலில் இடித்தால் சொல்லுங்கள், இந்தப் பக்கம் நகர்த்திக்கொள்கிறேன். உப்புத் தண்ணீர். பேண்டில் பட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை நிற்கும்.

மீன் இல்லை. கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். "தம்பி, மீனா, கருவாடா? நாறுச்சுன்னா எறக்கி விட்டுடுவேன்" என்றார். பவளம் என்றேன். "பவளமா? அடகு வெக்கப் போறியா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. மோதிரத்தில் வைக்கிற பவளம் வேறு மாஸ்டர், இது வேறு. இது உயிரோடு இருப்பது. கடலுக்கு அடியில் பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும். பார்த்தால் செடி மாதிரி இருக்கும், ஆனால் பிராணி. அதுவும் ஒரே பிராணி இல்லை, ஆயிரம் குட்டிப் பிராணிகள் சேர்ந்து ஒரே உடம்பாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். இதில் கல்லாக இறுகுகிற ஜாதி உண்டு, இது அது இல்லை. இதைத் தோல் பவளம் என்பார்கள். குடைக்காளான் மாதிரி மெத்தென்று இருக்கும். நன்றாக இருக்கும்போது குடை முழுக்கச் சீரகம் சீரகமாக வாய்கள் நீட்டிக்கொண்டு, தண்ணீர் அசைய அசைய ஆடும்.

நன்றாக இல்லாதபோது, இதோ, சட்டென்று பார்த்துக்கொள்ளுங்கள், இப்படி. சுடாத அப்பளம். போதும், மூடிவிடுகிறேன்.

என் அறைக் கண்ணாடித் தொட்டியில் இன்னும் ஒரு வாரம் இருந்தால் செத்துப்போகும். என்னோடு வேலை பார்க்கிற ஜெரோம் வீட்டுத் தொட்டியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதை அவன் கையில் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று சைதாப்பேட்டையிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன். சொல்லாமலே கொடுத்துவிட்டு வரலாம். சொல்லப் பயந்து அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போகவும் செய்யலாம், ஆனால் அப்படிப் போனால் இது சாகும். நீங்களும் பெரம்பூர் தாண்டித்தானே போகிறீர்கள்? முன்பின் தெரியாதவர். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஜெரோமும் நானும் குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறோம். ஒரே நாளில் சேர்ந்தவர்கள். மருந்து செய்கிற தண்ணீரில் வேண்டாதது ஏதாவது இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. மூன்று வருஷத்தில் என் ரிப்போர்ட்டில் ஒரு திருத்தம் வந்ததில்லை. அவன் ரிப்போர்ட்டில் டீக்கறை இருக்கும். ஆனால் மேனேஜர் கேண்டீனில் அவனைப் பார்த்தால் "வாடா ஜெரோம், உக்காரு" என்பார். என்னைப் பார்த்தால் "அந்தத் தம்பி... பேர் என்ன... அரசு" என்பார். என் பெயர் சிற்றரசு. மூன்று வருஷமாக முன்பாதி அவருக்கு ஞாபகம் வரவில்லை.

எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் என் தொழில்.

ஜெரோமின் தாத்தா ரயில்வேயில் ஆபீசர். அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். அப்பா இப்போது இல்லை, அம்மா ரிட்டயர் ஆகிவிட்டார்கள். ஸ்டெல்லா ஆண்டி. வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம், புத்தகத்தின் மேல் தூசி. எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. முதல் பட்டதாரி என்று தாசில்தார் ஆபீசில் ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள், தெரியுமா? காலேஜ் ஃபீஸில் கழித்துக்கொள்வார்கள். அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அப்பா ஆரணியில் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறார். ஒரு தடவை ஜெரோமுக்கு அந்தச் சான்றிதழைக் காட்டினேன். "சூப்பர்டா! இப்படி ஒண்ணு இருக்குதா?" என்றான். உண்மையாகவே தெரியாது அவனுக்கு. தெரியாமலே இருபத்தாறு வயது வரை வந்துவிட்டான். அதுவும் ஒரு வசதிதானே மாஸ்டர்?

இந்தக் கடல் தொட்டி ஆசை எனக்கு வந்ததே அவன் வீட்டில்தான். முதல் தடவை ஹாலில் பார்த்தபோது வாசலிலேயே ஐந்து நிமிஷம் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு துண்டுக் கடல். அப்புறம் பக்கத்தில் போய்ப் பார்த்தால், ஐயோ, அவ்வளவு அழுக்கு. கண்ணாடியில் பாதி பச்சைப் பாசி. பம்ப் மேல் ஏதோ முடி முடியாகத் தொங்குகிறது. தண்ணீரைக் குளிர வைக்கிற மிஷின் கிடையாது. வெயில் ஏறினால் ஃப்ரீஸரில் வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்து மிதக்க விடுவான். சோதனை செய்கிற மருந்து ஒன்றும் கிடையாது. "கையை விட்டுப் பாத்தா தெரியும்டா" என்றான். ஆண்டி சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தவர்கள், அந்தக் கையோடு வந்து நாலு துண்டைக் கிள்ளித் தொட்டிக்குள் போட்டார்கள். "ஐசக், ரெபேக்கா, வாங்க சாப்பிட" என்று மீன்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு ஆரஞ்சு மீன்கள். அவை தின்றது போக மிச்சம் அப்படியே கீழே போகிறது. யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது.

நான் வாங்கினால் இப்படி வைத்திருக்க மாட்டேன் என்று நினைத்தேன். வாங்கினேன். இரண்டடித் தொட்டி. மாடியில் என் ஒற்றை அறையில் கட்டிலுக்கு எதிரே வைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மாற்றுவேன். நுரையோடு அழுக்கை இழுக்கிற கருவி, கரியில் வடிகட்டுகிற டப்பா, பாசி வரவிடாத மருந்து, எல்லாம் உண்டு. மீன் ஒன்றே ஒன்று, அதற்கும் எண்ணி ஆறு உருண்டை. மிச்சம் விழுந்தால் குழாய் வைத்து உறிஞ்சிவிடுவேன். தண்ணீரில் மீன் கழிவும் மிச்சத் தீனியும் கரைந்து ஒரு அழுக்கு சேரும், அதை அளக்க மருந்து இருக்கிறது. என் தொட்டியில் அளந்தால் பூஜ்யம். எப்போது அளந்தாலும் பூஜ்யம். நோட்டில் பூஜ்யம் பூஜ்யமாக எழுதியிருக்கிறேன். காட்டட்டுமா? சரி, வேண்டாம்.

சுத்தம் எனக்குப் பைத்தியம் இல்லை மாஸ்டர். நான் எட்டாவது படிக்கும்போது குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு மஞ்சள் காமாலை. அதில் நானும் ஒருவன். ஒரு பரீட்சை எழுதவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் என்றால் அதில் தண்ணீரைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது எனக்கு.

இந்தப் பவளத்துக்கு வருகிறேன். ஆடி பிறந்த வாரம் நானும் அவனும் கொளத்தூர் போனோம், மீன் கடைகள் இருக்கிற தெருவுக்கு. காஜா பாய் கடையில் ஒரு மூலைத் தொட்டியில் இது கிடந்தது. முழுசாக, அப்போது ஒரே குடை. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து வந்தது, வரும் வழியில் அடிபட்டுச் சுருங்கிப்போய்க் கிடந்தது. "அது தேறாதுப்பா, அதுக்குப் போய் ஏன் ஆசப்படுறீங்க?" என்றார் பாய். நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அதே நேரத்தில் ஜெரோமும் "பாய், எனக்கு" என்றான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இதுக்கு எதுக்குடா பஞ்சாயத்து?" என்றார் பாய். "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க. இந்த ஜாதிய வெட்டுனா ரெண்டாப் பொழைக்கும்." புது பிளேடை உடைத்தார். கையுறை போட்டுக்கொண்டு, குடையின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி வைத்து ஒரே இழுப்பு. பாதி போனதும் அது இறுகி வழுக்கியது, "அட!" என்று பிளேடை வளைத்து எடுத்தார். ரத்தம் இல்லை, ஒன்றும் இல்லை, வழவழவென்று ஒரு பால் மாதிரி. ஒவ்வொரு பாதியையும் ஒரு கல்லில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டார்.

நேர்மையாகச் சொல்கிறேன் மாஸ்டர். இரண்டில் ஒன்று கொஞ்சம் பெரிது. பெரிய பாதியை நான்தான் எடுத்தேன். கை நீட்டி, முந்திக்கொண்டு எடுத்தேன்.

பத்தாவது நாள் வாட்ஸப் குரூப்பில் அவன் ஒரு போட்டோ போட்டான். கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்த குரூப், நாற்பது பேர் இருக்கிறோம். அவன் பாதி திறந்துவிட்டது. எல்லா வாயும் வெளியே. "அம்மா இறால் சாறு குடுத்தாங்க, எந்திரிச்சு உக்காந்துட்டாரு" என்று எழுதியிருந்தான். நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

என்னுடையது இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. மேலே மெழுகு மாதிரி ஒரு படலம். அழுகல் என்று நினைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து எடுத்தேன். மறுநாள் இன்னொரு படலம். அதையும் எடுத்தேன். தண்ணீர் மாற்றுவதைத் தினமும் ஆக்கினேன். கரியைப் புதுசாகப் போட்டேன். அந்தப் படலம் அதுவாக உரிக்கிற தோல், பாம்பு சட்டை உரிப்பது போல, விட்டுவிட்டால் தானே போய்விடும் என்று ஜெரோம் பிறகு சொன்னான். எப்போது சொன்னான் என்று கேளுங்கள். மூன்று வாரம் கழித்து, கேண்டீனில், எல்லார் முன்னாலும்.

"டேய் டாக்டர், உன் பேஷண்ட் எப்படி இருக்காரு?"

"பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

"தோலைத் தேய்க்காதடா, அது உரிக்கிற தோலு. அப்புறம் அந்தத் தண்ணிய மாத்துறத நிறுத்து. உன் தொட்டி பட்டினி கெடக்குதுடா. அதுல திங்க ஒண்ணுமே இல்ல."

பட்டினி. கேண்டீனில் எட்டுப் பேர் இருந்தார்கள் மாஸ்டர். எட்டுப் பேரும் என் டிபன் பாக்ஸைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. யாரும் பார்க்கவில்லை, தெரியும். ஆனாலும் எந்தச் சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்று ஒருவனுக்குத் தோன்ற வேண்டாமா? அவனுக்குத் தோன்றாது. அந்தச் சொல் அவன் வீட்டுக்குள் வந்ததே இல்லை. சர்க்கரை இல்லை, பேனா இல்லை என்பது போலத்தான் அதையும் சொல்கிறான்.

என் தொட்டியைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று அப்போது நினைத்தேன். அவன் சொன்னதைக் கேட்டு இறால் சாறு ஊற்றி, தண்ணீர் நாறி, பவளம் செத்தால் யார் ஜெயிப்பார்கள்? அன்று சாயங்காலம் போய், மீனுக்குப் போடுகிற உருண்டையை ஆறிலிருந்து நான்காகக் குறைத்தேன். சிரிக்கிறீர்கள். நான் அப்போது சிரிக்கவில்லை.

எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் தினமும் குரூப்பைத் திறந்து அவன் பாதி எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். பல் தேய்ப்பதற்கு முன்னால். இரண்டு விரலால் பெரிதாக்கி, எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். ஒரே உடம்பு மாஸ்டர். ஒரே பிளேடு. பெரியது என்னிடம் இருக்கிறது. நான் கண் விழித்துப் பார்க்கிறேன், அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுடையது வளர்கிறது, என்னுடையது தேய்கிறது. ஆவணி பாதியில் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன.

அந்த நேரத்தில்தான் அவர்கள் வேளாங்கண்ணி கிளம்பினார்கள். திருவிழாவுக்கு வருஷா வருஷம் போவார்கள், நான்கு நாள். ஜெரோம் சாவியை என்னிடம் கொடுத்தான். "மீனுக்கு மட்டும் தினம் ஒரு தடவ வந்து போட்டுடுடா. உன்ன விட்டா யாரு ஒழுங்காப் பாத்துப்பா?" என்றான். ஆண்டி ஃப்ரிட்ஜில் நான்கு பொட்டலம் வைத்திருந்தார்கள், பொடியாக நறுக்கிய இறால், வெள்ளித்தாளில் சுற்றி, மேலே பேனாவால் வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. பக்கத்தில் ஒரு டப்பா. அதன் மேல் ஒரு சீட்டு: "சிற்றரசுக்கு. எலுமிச்சை சாதம். சாப்பிட்டுவிட்டுப் போகவும்." பெயரை முழுசாக எழுதியிருந்தார்கள்.

சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம். இதே வாளி. என் பாதியை இதில் கொண்டுபோயிருந்தேன், இதே மோட்டார் புர்ரென்று. ஏன் கொண்டுபோனேன் என்று பஸ்ஸில் என்னையே கேட்டுக்கொண்டேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் தொட்டிக்குள் கை விட்டு அவன் பாதியைத் தொட்டேன். தொட்டதும் எல்லா வாயையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூடிக்கொண்டது. மூடிக்கொண்டால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் அப்பளம். யாருக்குத் தெரியும்?

மாற்றி வைத்தேன். அவனுடையதை எடுத்து வாளியில் போட்டு, என்னுடையதை அதே இடத்தில், அதே பாறை இடுக்கில் வைத்தேன். வெட்டுப்பட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, வட்டமான பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி. வேலை என்று வந்தால் நான் சுத்தமாகச் செய்கிறவன்.

ஆனால் ஒன்று. நான்கு நாளும் போனேன். வியாழன் பொட்டலம் வியாழன், வெள்ளிப் பொட்டலம் வெள்ளி. ஒரு துண்டு குறைக்கவில்லை, ஒரு துண்டு கூட்டவில்லை. கொடுத்த வேலையைக் கொடுத்தபடி செய்தேன். அதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

என் அறைக்கு வந்த பாதி மறுநாளே திறந்தது. முழுசாக. கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தொட்டியின் தண்ணீர் கண்ணாடி மாதிரி, அதில் அது தனியாக ஆடுகிறது. அவன் தொட்டியின் அழுக்கில் இவ்வளவு அழகாகத் தெரியவே இல்லை. போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டேன். 'தேறிவிட்டது' என்று எழுதினேன். நாற்பது பேர் கை தட்டினார்கள். காஜா பாய், "டாக்டர் தம்பி, கெலிச்சிட்டே" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். வேளாங்கண்ணியிலிருந்து ஜெரோம் எழுதினான்: "சூப்பர்டா. நல்லாப் பாத்துக்கோ அத."

மூன்று நாள். அந்த மூன்று நாள் நான் தெருவில் நடந்தது வேறு மாதிரி இருந்தது.

ஜெரோம் திரும்பி வந்தான். என்னுடையது அங்கே மூடிக்கொண்டு கிடப்பதைப் பார்த்து என்ன சொல்வானோ என்று கேண்டீனில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்டேன். "மூடியிருக்குது. தொறக்கும்" என்றான். அவ்வளவுதான். பார்த்தீர்களா, அவனுக்கு அதன் மேல் அக்கறையே இல்லை என்று நினைத்தேன்.

பத்து நாளில் அது திறந்தது. அங்கே. என்னுடையது. நான் ஒன்றரை மாதம் கெஞ்சியும் திறக்காதது, அவன் வீட்டு அழுக்குத் தண்ணீரில், பாசிக்கு நடுவில், இறால் துண்டு மேலே விழ விழ. அவன் போட்டோ அனுப்பினான், குரூப்புக்கு இல்லை, எனக்கு மட்டும். "பாருடா" என்று ஒரு வார்த்தை. அதே வாரத்தில் என் அறையில் இருந்த அவனுடையது வாயை உள்ளே இழுக்கத் தொடங்கியது. முதலில் ஓரத்தில், அப்புறம் நடுவில்.

அது என்ன மாதிரி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை மாஸ்டர். யார் மேல் கோபப்படுவது? ஒரு நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆண்டி டீ கொடுத்தார்கள். நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாதி அங்கே தளதளவென்று நிற்கிறது, என்னைத் தெரியாத மாதிரி. ஆண்டி கையை விட்டாலும் மூடவே இல்லை. என் கைக்கு எத்தனை தடவை மூடியிருக்கிறது! ஜெரோம் மேல் பொறாமைப்பட்டால்கூட ஒரு அர்த்தம் இருக்கிறது. நான் பொறாமைப்பட்டது அந்தப் பவளத்தின் மேல். எவ்வளவு சீக்கிரம் அந்த வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது பாருங்கள்.

அப்புறம்தான் புரிந்தது. பாதியில் கோளாறு இல்லை, தொட்டியில்தான். என் பூஜ்யத்தில்தான். இந்த ஜாதி கொஞ்சம் அழுக்கில் வாழ்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பதைத்தான் சாப்பிடுகிறது. நான் நோட்டில் பூஜ்யம் எழுதிய ஒவ்வொரு நாளும் அதன் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். நானும் உடனே இறால் சாறு ஊற்றிப் பார்த்தேன். ஊற்றினேன், பயந்து மறுநாளே தண்ணீரை மாற்றினேன். ஊற்றினேன், மாற்றினேன். பழக்கம் விடவில்லை. அது இன்னும் வாடியது.

நேற்று ஃபோன் செய்தேன். "ஜெரோம், என்கிட்ட இருக்கிறது போகப்போகுதுடா" என்றேன். 'என்னோடது' என்று சொல்ல வாய் வரவில்லை, 'உன்னோடது' என்றும் சொல்ல முடியாது. "நீ எப்ப கேப்பேன்னுதான்டா இருந்தேன்" என்றான். ஆண்டி ஃபோனை வாங்கி, "எதுக்குப்பா இவ்ளோ நாளு தனியாக் கஷ்டப்பட்டே? நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே, கொண்டு வா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுடலாம். மத்தியானம் இங்கதான் சாப்பாடு" என்றார்கள்.

அதான் இந்த வாளி. அதான் இந்த பஸ். ரயிலில் போயிருக்கலாம், நெரிசலில் தண்ணீர் அலம்பும் என்று பஸ்ஸில் வந்தேன். புரசைவாக்கம் வந்துவிட்டதா? சொல்லுங்கள் மாஸ்டர். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே தொட்டியில் பிழைத்துக்கொள்ளும், யாருடையது எது என்று இனி யாரும் கேட்கப் போவதில்லை. சொன்னால் நான் கெட்டவன் ஆவேன், அதனால் பவளத்துக்கு என்ன லாபம்?

என்ன கேட்டீர்கள்? வெட்டு நேராக விழுந்ததா என்றா?

இல்லை. அதான் சொன்னேனே, பாதியில் வழுக்கி, பாய் பிளேடை வளைத்து எடுத்தார். ஏன்? ம்... ஆமாம். துணியில் கத்தரி வழுக்கினால் ஒரு துண்டில் பிதுங்கி நிற்கும், மறு துண்டில் அதே அளவு உள்வாங்கியிருக்கும். ஆமாம். பிளவுஸ் வெட்டுகிற உங்களுக்குத் தெரியும். ஆனால் இது உயிர், ஆறிவிடும் மாஸ்டர், வளர்ந்து சரியாகிவிடும்.

இருங்கள். மூடியைத் திறக்கிறேன். உங்கள் விரல் எங்கே... ஆமாம். இங்கே பிதுங்கியிருக்கிறது. கட்டை விரல் அளவுக்கு.

அப்படியென்றால் மற்றதில் உள்வாங்கியிருக்க வேண்டும். அது சுவர்ப் பக்கம் மாஸ்டர், அதைத்தான் நான் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேனே. யாரும் பார்க்க முடியாது. வேண்டுமானால் ஜெரோம் எனக்கு அனுப்பிய போட்டோவைக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். இதோ. 'பாருடா.' பெரிதாக்குகிறேன்.

...

முன்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள்.

வெட்டுப்பட்ட பக்கம் அப்படியே முன்னால் இருக்கிறது. பள்ளம் தெரிகிறது. இதைத் தினமும் பார்த்திருக்கிறேன் மாஸ்டர், தினமும் பெரிதாக்கி, எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்கிறேன். என் வேலையே பார்ப்பது. அப்படியென்றால் நான் குரூப்பில் போட்ட என் போட்டோவில்... இருங்கள்... ஆமாம். பிதுங்கல். நாற்பது பேர் பார்த்தார்கள். அவன் வேளாங்கண்ணியிலேயே பார்த்துவிட்டான். பார்த்துவிட்டு 'நல்லாப் பாத்துக்கோ அத' என்று எழுதியிருக்கிறான். திரும்பி வந்து ஆறு வாரம். ஆறு வாரமாக என் பாதிக்கு ஆண்டி இறால் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பாதி என்று தெரிந்தே. நான் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அன்றைக்கே குரூப்பில் இரண்டு போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு நாறடித்திருப்பேன். கேண்டீனில் மேனேஜர் முன்னால் கேட்டிருப்பேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. கேட்கிற வரை காத்திருந்திருக்கிறான். அதுவும் அவனுக்கு வருகிறது. கஷ்டப்படாமலே வருகிறது. எங்கிருந்து மாஸ்டர் வருகிறது இவர்களுக்கு? எனக்கு இப்போது வயிறு எரிகிறது, சத்தியமாக, இத்தனை நாளில் இப்படி எரிந்ததில்லை.

ஓட்டேரி தாண்டிவிட்டோம். அடுத்ததுதான்.

அதோ நிற்கிறான் பாருங்கள், ஸ்டாப்பில், மஞ்சள் சட்டை. கையில் ஒரு வாளி. தொட்டித் தண்ணீர் கொண்டுவந்திருப்பான், அவன் வீட்டு அழுக்குத் தண்ணீர், இங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் இதற்கு அதிர்ச்சி குறையும். அதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அளக்க மட்டும் தெரியாது.

இறங்குகிறேன், கண்டக்டர், இறங்குகிறேன், வாளி இருக்கிறது, பொறுங்கள். இறங்காமல் இருந்தால் இது செத்துவிடும், இறங்கித்தான் ஆக வேண்டும்.

மாஸ்டர், ஒன்று. உங்களிடம் எல்லாம் நேர்மையாகச் சொன்னேன், ஒன்றைத் தவிர. அன்றைக்கு கொளத்தூரில் பெரிய பாதியை நான் எடுக்கவில்லை. அவன்தான் எடுத்து என் கையில் வைத்தான். "நீதான்டா நல்லாப் பாத்துப்பே" என்றான்.

கொடுங்கள் வாளியை.